விண்மீனை நம்பிய கர்னல் லாம்டன்

பெரியோர் வரலாறுகளுட் சில ஊர்தோறும் பேசப்படுகின்றன. வேறு சில, அவர் ஆற்றிய தொழிலின் பயனை உலகம் நாள்தோறும் நுகர்ந்தும், கற்றோர் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவர் வில்லியம் லாம்டன் என்பார். பூகோள நூல் பயின்றார் இவர் பெயரை நன்கறிவர்; ஏனையோர்க்கு இவரை அறிமுகஞ் செய்தல் வேண்டியுள்ளது. அதனையே ஈண்டு மேற்கொள்கின்றோம்.

நம் மாணவருட் பலர் இந்நாளில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குப் பயிற்சியின் பொருட்டுச் சென்று வருகின்றனர். பழைய மாணவர் சிலர் அங்கே பொறுப்பான பதவிகளையும் வகிக்கின்றனர். ஏரியும் வயலுமாய்க் கிடந்த அந்நிலப்பரப்பில் இன்று மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. அக்கைப்பேசியைக் கையிலெடுத்தால், நாம் நிற்குமிடத்தைப் பதினைந்து இருபது அடிக்குள் அது காட்டிவிடுகின்றது. அதனைக் கண்டு வியப்பார் இன்று எவருமிலர். ஆயின், அத்தொழிற்சாலைகளை நோக்கிச் செல்லும் மவுண்ட்–பூந்தமல்லிச் சாலையின் தலைப்பிலே பரங்கிமலை நிற்கின்றது. 1802ஆம் ஆண்டுக் கோடையில் அம்மலையடிவாரத்து வெளியில், ஓர் இரும்புச் சங்கிலியைக் கொண்டு, இந்தியாவின் இடங்களை ஐயமற நிறுவும் தொழிலைத் தொடங்கினார் ஒருவர். அவரே நம் வரலாற்றுத் தலைவர்.

பிறப்பும் இளமையும்

லாம்டன் இங்கிலாந்து தேசத்து யார்க்ஷயரின் வடபகுதியில், கிராஸ்பி கிரேஞ்ச் என்னும் சிற்றூரில், எளிய உழவர் குடியிற் பிறந்தவர். இவர் பிறந்த ஆண்டு 1753 என்பாரும் 1756 என்பாரும் உளர். தம் வயதைப் பற்றி இவர் பிறரிடம் மிகுதியாகப் பேசியவரல்லர். நார்தாலர்ட்டன் என்னும் ஊரின் பள்ளியிற் பயின்று, கணிதத்தில் தேர்ச்சி பெற்றார். பின்னர்ப் படையிற் சேர்ந்து வட அமெரிக்காவுக்குச் சென்று, நியூ பிரன்ஸ்விக் என்னும் நாட்டில் பல்லாண்டுகள் படைவீட்டு மேலாளராகப் பணிபுரிந்தார். அப்பணி கடினமானதன்று, ஊதியமும் புகழும் அதிற் குறைவே. ஆயினும் ஓய்வு மிகுதியாக இருந்தது. அவ்வோய்வைச் சூதிலும் வேட்டையிலும் போக்காது, கணித நூல்களையும் வான நூல்களையும் ஊன்றிப் பயின்றார்.

அந்நாளில் சூரிய கிரகணம் ஒன்றைப் புகையூட்டிய கண்ணாடியின்றி நோக்கி, இடக்கண்ணின் ஒளியைப் பெரிதும் இழந்தார் என்பர். வானத்தைப் பார்த்தலாற் கண்ணை இழந்தவர், எஞ்சிய கண்ணை வானத்தைப் பார்த்தற்கே ஒப்புக்கொடுத்தார். அவர் வாழ்வின் போக்கைக் காட்டுதற்கு இவ்வொரு செய்தியே சாலும்.

இவர் சார்ந்திருந்த 33ஆம் படைப்பிரிவு ஆர்தர் வெல்லெஸ்லி என்பாரின் தலைமையில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. பின்னாளில் வெலிங்டன் கோமகனாய் விளங்கியவர் அவரே. நாற்பது வயதைக் கடந்தும் சிறு பதவியிலேயே இருந்த லாம்டன் அப்படையோடு வங்காளத்தில் இறங்கிப் பின் சென்னைக்கு வந்தார். பிறர் ஓய்வை நாடும் வயதிற்றான் இவரது உண்மையான வாழ்வு தொடங்கிற்று.

நள்ளிரவில் ஒரு பாடம்

1799ஆம் ஆண்டில் மைசூர்ப் போர் மூண்டது. லாம்டன் அப்போது ஜெனரல் பேர்டு என்பாரின் படையலுவலராயிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அணுகியபோது, ஓரிரவு ஒரு தோப்பினுட் புகுந்து பகைவர் உளரோவென ஆராய்ந்து வருமாறு பேர்டுக்குக் கட்டளை பிறந்தது. தோப்பைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்த படை, பாசறைக்குத் திரும்புவதாக எண்ணி இருளில் நடந்துகொண்டிருந்தது. வானம் தெளிந்திருந்தது. லாம்டன் அண்ணாந்து விண்மீன்களை நோக்கினார். செல்லுந்திசை மாறிவிட்டதென்றும், திப்புவின் படைமுகத்தை நோக்கியே நடக்கின்றோமென்றும் உணர்ந்து தலைவருக்கு உரைத்தார். தலைவரோ, மீனைப் பார்த்து வழிகாணும் நிலை தமக்கு இன்னும் வரவில்லையென்னும் கருத்தினராய் அதனைப் பொருட்படுத்தவில்லை. சிறிது நேரத்தில் பகைவரின் காவலர் எதிர்ப்படவே ஐயம் பிறந்தது. விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோது, லாம்டன் கூறியதே மெய்யெனத் தெரிந்தது. படை திரும்பிப் பிழைத்தது.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு நகைத்து விடுதல் எளிது. நாம் அதனுட் காண்பது வேறு. பழகிய நடையும், தலைவரின் உறுதியும், உடன்வருவோரின் நம்பிக்கையும் சேர்ந்து ஒரு கூட்டத்தைத் தவறான வழியில் இழுத்துச் செல்லலாம். ஆள்வோரின் ஆணைக்குக் கட்டுப்படாத சான்றொன்று வெளியே இருத்தல் வேண்டும். லாம்டனுக்கு அச்சான்று விண்மீன்களே. இவர் பின்னர் ஆற்றிய பெருந்தொழில் முழுவதும் அவ்விரவில் கற்ற பாடத்தின் விரிவே எனலாம்.

கடலோடியின் கருவியும் அதன் எல்லையும்

இவருடைய தொழிலின் அருமையை அறிய வேண்டின், அந்நாளில் இடத்தை அறியும் முறை யாதென முதலில் அறிதல் வேண்டும். நம் கரையோர மீகாமர் துருவமீனையும் விடிவெள்ளியையும் கொண்டு தொன்றுதொட்டு வழியறிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் செக்ஸ்டெண்ட் என்னும் கோணமானி கப்பல்களில் வழங்கலாயிற்று. இரு சிறு கண்ணாடிகளின் உதவியால் விண்மீனின் உருவைக் கீழிறக்கி அடிவானத்தைத் தொடச் செய்து, அம்மீனின் உயரத்தைப் பாகையாகவும் கலையாகவும் அது காட்டும். அறுபது கலை ஒரு பாகை. அறுபது விகலை ஒரு கலை. உயரத்தில் ஒரு கலை பிழைத்தால் இடத்தில் ஒரு கடல்மைல் பிழைக்கும். கடிகாரம் நான்கு விநாடி பிழைத்தால் தீர்க்கரேகை ஒரு கலை பிழைக்கும். தேர்ந்த மாலுமி, நல்ல கருவியைக் கொண்டு, அமைந்த கடலில், ஒன்றிரண்டு கடல்மைலுக்குள் தன் இடத்தை அறிந்துகொள்வான்.

இதனினும் நுண்மை ஏன் எய்தலாகாது? விண்மீன் ஒளிப்புள்ளியாதலின் அதனைத் தொடுவித்தல் எளிது; ஆயின் அது புலப்படும் அளவு இருள் சூழும்போது அடிவானம் மங்கிவிடுகின்றது. வெள்ளி, வியாழன் முதலிய கோள்கள் ஒளி மிக்கவையாதலின் அடிவானம் தெளிவாக இருக்கும்போதே தோன்றும். ஆயினும் வெள்ளி பிறைபோற் குறைந்தும் வளர்ந்தும் தோன்றுதலால் அதன் நடுவிடம் எதுவெனத் திருத்திக்கொள்ளல் வேண்டும். பார்ப்பவன் நிற்கும் தளத்தின் உயரத்திற்கேற்ப அடிவானம் தாழ்ந்து தோன்றும். முப்பதடி உயரத்தில் நிற்பவனுக்கு இத்தாழ்வு ஐந்து கலைக்கு மேலாம். காற்றோ ஒளியை வளைக்கின்றது. அடிவானத்தில் இவ்வளைவு முப்பத்து நான்கு கலை. பாதி உயரத்தில் ஏறத்தாழ ஒரு கலை. நேர் உச்சியில் ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து நோக்குவார்க்குத் துருவமீன் பதின்மூன்று பாகை உயரத்தே தாழ நிற்றலின், அதன் ஒளி நான்கு கலையளவு வளைந்தே நம் கண்ணை எய்துகின்றது.

நிலத்தில் நிற்பார்க்குக் கடலின் அடிவானம் இல்லை. ஆதலின் தட்டிற் பாதரசத்தை ஊற்றி, அதிற் தோன்றும் மீனின் நிழலுக்கும் வானத்து மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளப்பர். கோணம் இரட்டித்து வருதலால் பிழை பாதியாகின்றது. ஆயின் செக்ஸ்டெண்டால் நூற்றிருபது பாகைக்கு மேல் பெரும்பாலும் அளத்தல் இயலாது. ஆகவே அறுபது பாகைக்கு மேலேறிய மீன் இம்முறைக்கு எட்டாது. காற்றின் வளைவு மிகக் குறைந்த உச்சிவானமே இக்கருவிக்குக் கிட்டாமற் போகின்றது.

சென்னைக் கம்பெனியின் வானநூல் வல்லுநராயிருந்த மைக்கேல் டாப்பிங் என்பார், லாம்டனுக்கு முன்னரே செக்ஸ்டெண்டைக் கொண்டு சோழமண்டலக் கரையை அளந்து படமெழுதியவர். இவருடைய முயற்சியால் நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. 1794ஆம் ஆண்டில் இவர் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாய் விளங்குகின்றது. அரிய செயல்களே. எனினும் மாலுமிக்குப் போதிய நுண்மை, பூமியின் வடிவத்தை அளக்கப் புகுவார்க்குப் போதாது. பூமி துருவங்களிற் சிறிது தட்டையாதலின், அட்சரேகை ஒரு பாகையின் நீளம் இடத்துக்கிடம் வேறுபடும். இங்கிலாந்தில் உள்ள ஒரு பாகைக்கும் செங்கற்பட்டுச் சீமையில் உள்ள ஒரு பாகைக்கும் வேற்றுமை அரைமைலுக்கும் குறைவு. ஒரு மைல் பிழைக்கும் கருவியால் அரைமைல் வேற்றுமையைக் காண்பது எங்ஙனம்?

பரங்கிமலை அடிக்கோடு

மைசூர்ப் போர் முடிந்ததும், சோழமண்டலக் கரையையும் மலையாளக் கரையையும் முக்கோணங்களால் இணைத்து, இடையிலுள்ள இடங்களனைத்தையும் ஐயமின்றி நிறுவலாமென லாம்டன் ஒரு திட்டம் வரைந்தார். வெல்லெஸ்லி துணைநின்றார், சென்னைக் கவர்னராயிருந்த கிளைவ் பிரபு இசைந்தார். இம்முறையின் கருத்து எளிது. ஒரு பக்கத்தின் நீளத்தை மெய்யாக அளந்தால், ஏனைய பக்கங்களைக் கோணங்களைக் கொண்டே கணக்கிடலாம். ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்ததற்கு அடியாகும். இவ்வாறே மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் வலை விரியும். ஆயின் முதற்பக்கம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

இதற்கு வேண்டிய கருவிகள் வந்த வரலாறு ஒரு கதைபோலும். நூறடிச் சங்கிலியும், விண்மீன் நோக்கும் ஜெனித் செக்டர் என்னும் கருவியும் லண்டனில் ராம்ஸ்டென் என்னும் கைவல்லாரால் செய்யப்பட்டவை. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாக மக்கார்ட்னி பிரபுவின் தூதோடு சென்று, அங்கே ஏற்பாரின்றிக் கல்கத்தாவுக்கு வந்து விலையாயின. அரைட்டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டோ, லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலாற் கைப்பற்றப்பட்டு மொரீசியசுக்குக் கொண்டுபோகப்பட்டது. அறிவுத்தொழிலுக்குரிய கருவியென அறிந்த அவர்கள், பகைமையை மறந்து அதனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தனர். போரிடும் நாடுகளுக்கிடையேயும் அறிவுக்கு ஒரு தனிவழி உண்டென்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் நாள் பரங்கிமலைக்கருகே அடிக்கோட்டின் அளவை தொடங்கிற்று. கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். நூறடிச் சங்கிலியை நானூறு முறை இட்டு இட்டு நகர்த்தல் வேண்டும். சங்கிலி நிலத்திற் படாதபடி முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக அமைத்து, அவற்றினுள் அதனை நீட்டி, ஒரே அளவாக இழுத்துப் பிடித்தனர். பக்கத்தே வெப்பமானிகளும் வைக்கப்பெற்றன. சித்திரை வைகாசி வெயிலில் எஃகு நீளும். காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை சென்டிகிரேடு வெப்பம் ஏறினால், ஒரு சங்கிலி நீளுவது அங்குலத்தில் ஏழிலொரு பங்கே. அற்பமென ஒதுக்கலாமோ? நானூறு சங்கிலியில் அவ்வற்பம் நாலரை அடியாகின்றது. ஆகையால் ஒவ்வோர் இடுகைக்கும் வெப்பத்தைக் குறித்து, நீட்சியைக் கணக்கிற் கழித்தனர். மே மாதத்தில் இவ்வேலை நிறைவெய்திற்று.

இதன் சிறப்பு 1804ஆம் ஆண்டிலேயே விளங்கிற்று. பெங்களூருக்கருகே வேறோர் ஏழுமைல் கோட்டைச் சங்கிலியிட்டு அளந்தனர். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்ட நீளத்தையும், நிலத்தில் அளந்த நீளத்தையும் ஒப்பிட்டபோது வேற்றுமை நான்கு அங்குலத்திற்கும் குறைவாயிருந்தது. இடையிலோ இருநூறு மைல் மலையும் காடும்!

இரண்டு நிலையங்கள், ஒரு வில்

அடிக்கோடு நிலத்தின் நீளத்தைத் தரும். அந்நீளம் பூவுருண்டையில் எத்தனை பாகையென்பதை விண்மீனே கூறவேண்டும். இதற்காக லாம்டன் இரண்டு நிலையங்களைத் தெரிந்தெடுத்தார். தெற்கே கடலூர்க்கருகிலுள்ள திருவந்திபுரம்; வடக்கே சென்னைக்கப்பாலுள்ள பாடரி என அவர் குறித்த நிலையம். நாம் இன்று பேசும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இவ்விரண்டின் அட்சரேகைகளுக்கு இடையிலேயே உள்ளன.

உச்சிமீன் நோக்கும் கருவி ஐந்தடித் தொலைநோக்கியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டாற் போன்றது. கொத்தனார் சுவரின் நேர்மையைப் பார்க்கும் தூக்குநூலே இதற்கும் ஆதாரம். உச்சியைக் கடக்கும் மீன், தூக்குநூற் கோட்டிலிருந்து எத்துணை விலகிச் செல்கின்றதென்பதை அது விகலையளவில் காட்டும். அங்கே காற்றின் வளைவு மிகச் சிறிது, அடிவானம் வேண்டுவதில்லை. கருவியிலுள்ள குறை ஒழியும்பொருட்டுக் கிழக்கு முகமாக ஒருமுறையும் மேற்கு முகமாக ஒருமுறையும் திருப்பி, அதே மீனை இரவுதோறும் நோக்கி, பல மீன்களின் அளவைகளைச் சேர்த்துச் சராசரி கண்டார். அவ்வாறு பெற்ற முடிவின்படி இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட வில் 1 பாகை 34 கலை 56 விகலையும் சிறிது மிகுதியுமாம். நிலத்தில் அது ஏறத்தாழ 109 மைல். ஒரு விகலை பிழைத்தால் நூறடி பிழைக்கும்; மாலுமியின் ஒரு கலையோ ஆறாயிரம் அடி. இரு கருவிகளுக்கும் உள்ள தூரம் இதனால் இனிது விளங்கும்.

இங்கே ஓர் உண்மையை மாணவர் ஊன்றி அறிதல் நலம். பலமுறை அளந்து சராசரி காண்பதால், கை நடுக்கத்தாலும் காற்றின் அலைவாலும் விளையும் பிழைகள் தேயும். எந்நாளும் ஒரே பக்கமாகச் சாயும் பிழையோ ஆயிரமுறை அளந்தாலும் தேயாது. சென்னையின் தீர்க்கரேகையே இதற்குச் சான்று. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைப் பல்லாண்டு குறித்து, நுங்கம்பாக்கத்து நிலையத்தின் கோல்டிங்காம் என்பார் 80 பாகை 18½ கலையெனக் கண்டார். உண்மை 80 பாகை 15 கலைக்குச் சற்றுக் குறைவு. உழைப்பிற் குறையில்லை, எனினும் நான்கு மைல் பிழைத்தது. லாம்டனின் முக்கோண வலை இந்நிலையத்தில் கட்டப்பட்டமையால், முழுவலையும் அவ்வளவு கிழக்கே நகர்ந்து நின்றது. சட்டமிட்ட படத்தைச் சுவரில் சிறிது தள்ளி மாட்டினாற் போலன்றி, படத்தினுள்ளே எவ்விடமும் கோணவில்லை. பிற்காலத்தார் ஆணியை மட்டும் மாற்றினர். படத்தை மாற்ற நேரவில்லை.

பெங்களூர்க்கருகே தொட்டகுண்டா என்னுமிடத்தில் நோக்கிய மீன்கள் வேறொரு புதிரை விளைத்தன. அங்கே கண்ட அட்சரேகை, தெற்கிலும் வடக்கிலும் உள்ள நிலையங்களோடு பொருந்தவில்லை. கருவியைப் பழிக்காமலும் கணக்கைத் திரிக்காமலும் லாம்டன் அதனை உள்ளவாறே எழுதிவைத்தார். நிலத்தினடியில் அடர்ந்த பொருள் ஏதோ தூக்குநூலைத் தன்பால் இழுக்கின்றதென ஐயுற்றார். நிலத்தின் ஈர்ப்பு இடத்துக்கிடம் மாறித் தூக்குநூலைச் சாய்க்குமென்பது இன்று தனியொரு கலையாக வளர்ந்துள்ளது. பொருந்தாத எண்ணை மறைத்திருந்தால் அவ்வழி அன்றே அடைபட்டிருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலில்

மலைநாட்டில் உயர்ந்த இடங்களுக்குக் குறைவில்லை. காவிரியின் கழிமுகத்திலோ நிலம் தட்டையானது. தென்னையும் பனையும் கண்ணை மறைப்பன. ஆங்கே கோயிற் கோபுரங்களே லாம்டனுக்கு மலைகளாயின. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறுகளாலேற்றினர். பாதி வழியில் இழுத்துப் பிடித்த கயிறொன்று அறுந்தது. அரைட்டன் கருவி கற்சுவரில் மோதிற்று. பெட்டி நொறுங்கியது, பாகைகள் வரைந்த பெருவட்டம் வளைந்து உருக்குலைந்தது. விகலையளவு நுண்மைக்காகச் செய்யப்பட்ட வட்டம் கண்ணுக்கே கோணலாய்த் தோன்றிற்று. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வர ஆண்டுகள் செல்லும்.

பிறரேல் வேலையைக் கைவிட்டிருப்பர். அன்றிக் கயிற்றைப் பிடித்த ஏழைக் கலாசிகள்மேற் பழியைச் சுமத்தியிருப்பர். லாம்டன் இரண்டும் செய்யவில்லை. கூடாரத்தை மூடிக்கொண்டு, உதவியாளர் சிலரை மட்டும் உடன்வைத்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, ஆறு வாரத்தில் முன்னிருந்த உருவுக்குக் கொணர்ந்தார். அக்கருவியே மேலும் பல்லாண்டு உழைத்தது. இவருக்குப்பின் எவரெஸ்டும் அதனைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தினார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், ஒற்றைக் கண்ணை நம்பி, நொறுங்கிய கருவியின் முன் ஆறு வாரம் அமர்ந்திருந்த காட்சியை நினைக்குந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது.

எதிர்ப்பும் பயனும்

இவர் தொழிலை இகழ்ந்தாரும் பலர். சென்னையின் நிதி ஆலோசனையாளருள் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புவோன் தன் பல்லக்குச் சுமப்போரின் தலைவனிடம் சொன்னாற் போதும், அவன் லாம்டனின் படமின்றியே கொண்டுபோய்ச் சேர்ப்பானென எள்ளியதாகப் பழைய குறிப்புகள் கூறும். இதற்கு விடை எண்களிலேயே கிடைத்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் நானூறு மைலென அந்நாட் படங்கள் காட்டின. முக்கோணங்கள் மேற்குக் கரையை எய்தியபோது அது 360 மைலேயென்று விளங்கிற்று. நாற்பது மைல் அகலமுள்ள நிலம், இருந்ததாக எண்ணப்பட்டது, இல்லையாயிற்று. பல்லக்குச் சுமப்போனுக்கு வழி தெரியும். நாட்டின் அளவு தெரியாது.

ஊரார்க்கும் ஐயமிருந்தது. உயர்ந்த இடத்தில் ஏறிக் கண்ணாடியால் நோக்குவோர் அந்தப்புரங்களையே நோக்குகின்றனரெனச் சிலர் சினந்தனர். இன்னொன்றும் மறைத்தற்கில்லை. இவ்வளவை அறிவுக்கு மட்டும் பயன்பட்டதன்று. படை நடத்தவும் வரி விதிக்கவும் கம்பெனியார்க்கு இப்படங்கள் கருவியாயின. கொடி பிடித்து மலையேறியோரும், இரவில் விளக்குக் காத்தோரும், காட்டுச் சுரத்தால் மாண்டோரும் பெரும்பாலும் இந்நாட்டவர். அவருள் எவர் பெயரும் நம் நினைவில் நிலைபெறவில்லை. லாம்டனைப் போற்றும்போது அவர்களையும் உடனெண்ணுதல் நம் கடன்.

இறுதிக் காலம்

குமரிமுனைக்கருகிலுள்ள புன்னையிலிருந்து ஐதராபாத்துக்கு வடமேற்கேயுள்ள தாமர்கிடா வரை, ஏறத்தாழ பத்துப் பாகை நீண்ட பெருவில்லை லாம்டன் அளந்து முடித்தார். நிலத்தில் அது 680 மைல். தம் வாழ்நாளில் இவரும் இவர் குழுவினரும் முக்கோணங்களால் மூடிய பரப்பு 1,65,000 சதுர மைலுக்கு மேலாம். லண்டன் ராயல் சங்கம் இவரை உறுப்பினராகக் கொண்டது. முன்னர்ப் பகைநாடாயிருந்த பிரான்சின் அறிவியற் கழகமும் இவரைத் தன் தொடர்பாளருள் ஒருவராக்கிற்று. 1818ஆம் ஆண்டில் இவ்வளவை கல்கத்தா அரசின் கீழ் வந்து, இந்தியப் பெரிய முக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் இவருக்கு உதவியாளராக அமர்ந்தார்.

முதுமையும் இருமலும் வாட்டியபோதும் லாம்டன் கூடாரத்தை விட்டு நகர்ப்புறம் சேரவில்லை. ஐதராபாத்திலிருந்து நாகபுரியை நோக்கிச் செல்லும் வழியில், இங்கன்காட் என்னும் ஊரில், 1823ஆம் ஆண்டு சனவரி மாதம் 20ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை அடுத்திருந்தது. இவர் தொடங்கிய வில்லை எவரெஸ்ட் இமயமலையடி வரை கொண்டு சென்றார். அவ்வலையின் துணையால் உலகத்தின் உயர்ந்த சிகரம் அளக்கப்பெற்று, 1865ஆம் ஆண்டில் எவரெஸ்டின் பெயரும் சூட்டப்பெற்றது. எவரெஸ்டின் பெயரை உலகில் அறியாதார் இலர். அடிக்கோடிட்ட ஆசிரியருக்கோ, பரங்கிமலை உச்சியில் ஒரு மார்பளவுச் சிலையும், இங்கன்காட்டில் ஒரு கல்லறையுமே உள.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! இன்று கருவி நமக்காக அளந்து கூறுகின்றது. நாம் எண்ணைப் படித்தால் போதும். ஆதலின் அவ்வெண்ணுள் எத்துணைப் பிழை உறைகின்றதென வினவும் பழக்கமே நம்மை விட்டு நீங்கி வருகின்றது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஓர் உறுப்பின் அளவைப் பொறுப்போடு குறிக்கும் பழைய மாணவரும், நம் ஆய்வுச்சாலையில் முதன்முறை தூக்குநூலைத் தொடும் புதிய மாணவரும், ஒரே கடமைக்கு உட்பட்டவர். விரும்பிய எண்ணை எழுதுவதா, கண்ட எண்ணை எழுதுவதா என்பதே அங்கு எழும் வினா. விரும்பிய எண்ணை எழுதினால் அன்று எவரும் அறியார். நானூறு சங்கிலி கடந்தபின் அது நாலரை அடியாகி வெளிப்படும். அதற்குள் அதன்மேல் பிறர் பலர் தம் முக்கோணங்களைக் கட்டியிருப்பர்.

லாம்டன் பேராற்றல் வாய்ந்த மேதையல்லர். அரசியலிற் புகழ் தேடியவருமல்லர். வெப்பத்தைக் குறித்தார், கருவியைத் திருப்பிவைத்து மீண்டும் நோக்கினார், பொருந்தாததைப் பொருந்தவில்லையென எழுதினார், உடைந்ததைப் பொறுமையோடு செப்பனிட்டார். இவை நம்மில் எவர்க்கும் எட்டாத செயல்களல்ல. அடுத்தமுறை மவுண்ட்–பூந்தமல்லிச் சாலையிற் செல்லும்போது, சன்னல் வழியே அம்மலையை ஒரு கணம் நோக்குவோமாக. அதன் அடிவாரத்து வெயிலில் சங்கிலியருகே வெப்பமானியைக் குனிந்து பார்த்து நின்ற அம்முதியவரையும், பெயர் அறியப்படாது அவருடன் நின்ற நம்மவரையும் நினைப்போமாக.